வரம்பை உயர்த்தினால் வேகம் கூடுமா?

காலை 10 மணிக்கு ரயில்களின் ஏ.சி. தட்கல் முன்பதிவு திறந்ததும் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு என எங்கும் ஒரே பொத்தானை அழுத்துகிறார்கள். இப்படிப்பட்ட நெரிசலில், பதிலுக்குக் காத்திராமல் பிற சர்வர்களுக்கு அழைப்பு அனுப்பும் நிரலுக்கு இயல்பான பிரேக் கிடையாது. ஒவ்வொரு அழைப்புக்கும் ஒரு சாக்கெட். லினக்ஸில் ஒரு புராசஸ் ஒரே நேரத்தில் இப்படித் திறந்து வைப்பவற்றுக்கு வழக்கமான வரம்பு 1024. அதை உயர்த்திவிட்டால் போயிற்று என்பார்கள். போகாது, நெரிசல் டேட்டாபேஸுக்கு இடம் மாறும், அவ்வளவுதான். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் இணைப்பு வரம்பு இயல்பாக 100. ஒரு வேலைக்கு 50 மில்லிநொடி என்றால் நொடிக்கு 2000தான் முடியும். இது ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய கணக்கு. அதையும் 1000 ஆக்கினால்? சி.பி.யு. ஏற்கெனவே திணறுகிறதென்றால் 50 மில்லிநொடி 500 ஆகும், பலன் அதே 2000. ஆகவே கடைசி சர்வரின் திறனை அளந்து, அங்கிருந்து பின்னோக்கி வரம்பு வைக்க வேண்டும். மிஞ்சியவர்களைத் திருப்பி அனுப்புவது அநியாயமில்லையா? திரையில் சக்கரத்தைச் சுழலவிட்டுக் கடைசியில் கைவிரிப்பதுதான் அநியாயம்.