ஒரே ஊராட்சி, இரண்டு ஈஸ்டர்

ருமேனியாவின் க்ளூஜ் நகரிலிருந்து மேற்கே போகும் நெடுஞ்சாலையில் ஹுவெதின் என்றொரு சிறுநகர் வரும். அதையொட்டி இருப்பது சின்கிராயு, ஐந்து ஊர்கள் அடங்கிய கிராம ஊராட்சி. ருமேனிய மொழியில் ‘கொமூனா’. ஹங்கேரியர்கள் இதைக் கலோட்டசென்ட்கிராய் என்பார்கள். இங்கே அவர்கள்தான் பெரும்பான்மை, ருமேனியர்கள் சிறுபான்மை. நாட்டளவில் கணக்கு தலைகீழ்.

1920-இல் ட்ரியானோன் ஒப்பந்தம் இப்பகுதியை ஹங்கேரியிடமிருந்து பிரித்து ருமேனியாவுக்குக் கொடுத்தது. 1940 முதல் 1944 வரை மறுபடி ஹங்கேரியின் கையில். இந்த இழுபறியின் கசப்பு பெரியவர்களின் பேச்சில் சட்டென்று வெளிப்படுவதில்லை என்பதால், அது இல்லை என்று ஆகிவிடாது.

ஹங்கேரியர்கள் இங்கே சீர்திருத்தச் சபையினர். ருமேனியர்கள் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ். கிறிஸ்துமஸ் இருவருக்கும் ஒரே நாள். ஈஸ்டர் அப்படியல்ல. 2024-இல் சீர்திருத்தச் சபையினருக்கு மார்ச் 31, ஆர்த்தடாக்ஸ் தரப்புக்கு மே 5. 2025-இல் இரண்டும் ஏப்ரல் 20-இல் சேர்ந்து வந்தன. ஈஸ்டர் திங்களன்று ஹங்கேரிய இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ப் பெண்கள்மீது தண்ணீரோ வாசனைத் திரவியமோ தெளித்து, வண்ணம் தீட்டிய முட்டை வாங்கிக்கொள்வார்கள்.

ஆனால் தச்சர்களுக்கு மதம் குறுக்கே நிற்கவில்லை. ஹுவெதினின் சீர்திருத்தச் சபைக் கோயில் கோபுரத்தை அண்ணாந்து பாருங்கள். ஊசிக் கூரையின் அடியில், நான்கு மூலையிலும் நான்கு குட்டிக் கோபுரங்கள். அருகே சலாஜ் மாவட்டத்தின் ஃபில்து தெ சுஸ் ஊரில் உள்ள ஆர்த்தடாக்ஸ் மரக்கோயிலிலும் அதே நான்கு குட்டிகள்! இசையிலும் அப்படித்தான். இரு தரப்புக் கல்யாணங்களுக்கும் வயலின் வாசித்தவர்கள் ரோமா கலைஞர்களே. யார் வீட்டு விசேஷமோ அவர்கள் மெட்டு.

சுற்றுலாக் கையேடுகள் இதை நல்லிணக்கம் என்று எழுதும். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். பள்ளி வகுப்புகள் மொழிவாரியாகத்தான் பிரிந்திருக்கின்றன.

மொழியுரிமையோ விழுக்காட்டில் தொங்குகிறது. உள்ளாட்சி நிர்வாகச் சட்டப்படி, ஓர் ஊராட்சியில் சிறுபான்மையினர் 20 விழுக்காட்டைத் தாண்டினால் அலுவலகத்தில் அவர்கள் மொழியும் செல்லும், பெயர்ப்பலகையிலும் இடம்பெறும். ஊராட்சி மன்ற உறுப்பினர்களில் ஐந்தில் ஒரு பங்கினர் அவர்களாக இருந்தால் கூட்டத்திலும் அம்மொழியில் பேசலாம். தீர்மானம் மட்டும் ருமேனிய மொழியில்தான். சிக்கல் எங்கே என்றால், கணக்கு ஊர்வாரியாக அல்ல, ஊராட்சி முழுவதற்கும். ஒரு மூலையில் முழு ஹங்கேரியக் கிராமமே இருந்தாலும், மொத்தத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டாவிட்டால் மன்றம் மனம் வைத்தால்தான் உண்டு. இரண்டு கிராமங்களை எந்த ஊராட்சியில் சேர்ப்பது என்ற கேள்வி அங்கே வெறும் நிர்வாகக் கேள்வியாக இருக்க முடியாது.

சின்கிராயுவுக்கு அந்தக் கவலை இல்லை. ஆனால் 2011-இல் 12.27 லட்சமாகப் பதிவான ருமேனிய ஹங்கேரியர்கள், 2021 கணக்கெடுப்பில் 10.02 லட்சம். இனத்தைக் குறிப்பிடாதோர் பலர் என்பதையும் சேர்த்தே இதைப் படிக்க வேண்டும். 2011 முதல் ஹங்கேரி, எல்லைக்கு வெளியே வாழும் தன் இனத்தாருக்கு எளிதாகக் குடியுரிமை தருகிறது. பலகையில் ஊர்ப்பெயரைக் காப்பாற்றப் போராடுபவர்களின் பிள்ளைகளுக்கும் அந்தக் கடவுச்சீட்டு கிடைக்கும்.