மூலையில் ஒரு சின்னச் சதுரம்

கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: உறுப்பினர் பட்டியலுக்கு 1 முதல் 800 வரை வரிசை எண் தட்டித் தட்டி விரல் நோகிறது, எக்செல்லில் குறுக்குவழி உண்டா?

1992-ல் வந்த நான்காம் பதிப்பிலிருந்தே உண்டு. ஒரு கட்டத்தில் 1, அதன் கீழ் 2. இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்தால் வலது கீழ் மூலையில் சின்னச் சதுரம் தெரியும். அதைப் பிடித்து இழுங்கள். பக்கத்துப் பத்தியில் பெயர்கள் ஏற்கெனவே இருந்தால் இழுக்கவும் வேண்டாம். சதுரத்தின் மேல் இரட்டைக் கிளிக் செய்தால் கடைசிப் பெயர் வரை எண்கள் ஓடி நிற்கும். வெறும் 1-ஐ மட்டும் இழுத்தால் எல்லாம் 1-ஆகவே நகலாகும். கண்ட்ரோல் விசையை அழுத்திக்கொண்டு இழுத்தால் எண் ஏறும். லிப்ரே ஆபீஸில் இது தலைகீழ்.

எனக்குப் பிடித்த விநோதம் வேறு. 1, 2, 4 என்று மூன்று எண்களைக் கொடுத்து இழுத்துப் பாருங்கள். அடுத்து 8 வராது, 5.33, 6.83 என்று வரும். கோணலாகக் கிடக்கும் மூன்று செங்கல்லுக்குக் கொத்தனார் பொதுவாக ஒரு நூல் பிடிப்பாரே, அதுபோல எக்செல் மூன்று எண்களுக்கும் மிக அருகில் போகும் நேர்கோடு ஒன்றைக் கணக்கிட்டு, அதையே நீட்டுகிறது. இரட்டிப்பாக வேண்டுமென்றால் வலது பொத்தானால் இழுத்து, வரும் பட்டியலில் ‘க்ரோத் டிரெண்ட்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஆபத்தும் இங்கேதான். எண்ணில் முடியும் சொற்களை அது தானாகவே வளர்க்கும். ‘சென்னை 28’ என்பதை நான்கு வரி இழுத்தால் ராஜா அண்ணாமலைபுரத்துக்காரர்கள் 29, 30, 31 என்று ஊர் மாறிப்போவார்கள். கணினி வகுப்புகளில் கட்டத்துக்கு வண்ணம் பூசச் சொல்லித்தருகிறார்கள். இழுத்த பிறகு கீழே போய்ப் பார்க்கச் சொல்வதில்லை.

இன்னொன்று: இப்படி நிரப்பிய எண் வெறும் எண்தான். நடுவில் ஒரு வரியை நீக்கினால் 41-க்கு அடுத்து 43 நிற்கும், திரும்ப இழுக்க வேண்டும். அதனால் வரிசை எண்ணையே உறுப்பினர் எண்ணாக வைத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. அதற்குத் தனிப் பத்தி போடுங்கள்.