ஊரில் உள்ளோருக்கு இன்வேட்டர் வாங்கிக் கொடுக்குமுன்

புலம்பெயர்ந்து வாழும் எம்மவர் ஊருக்கு அனுப்பும் பணத்தில், இன்வேட்டருக்கும் பற்றரிக்கும் என்று அனுப்பப்படுவதும் இப்போது ஒரு பங்காகிவிட்டது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது இந்தத் தேவை எல்லா வீடுகளையும் எட்டியது. அந்த நெருக்கடி நீங்கிய பின்னரும் தேவை முற்றாக மறையவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததே காரணம் என்று அமைச்சரே கூறும்படியாக, நாடு முழுவதும் இருளில் மூழ்கியது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது பல மாவட்டங்களில் மின்சாரம் தடைப்பட்டது. மாரி காலத்தில் ஒரு பனைமரம் கம்பியில் சாய்ந்தாலே ஒரு குறிச்சி முழுவதும் இருண்டுவிடும் என்பது எமக்குப் புதிய செய்தியும் அன்று.

இருட்டு எம்மவருக்குப் புதியதல்ல. 1990ஆம் ஆண்டுக்குப் பின் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி வாழ்ந்தது. ஜாம் போத்தலில் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்துப் பரீட்சை எழுதினர். ரோச் பற்றரியே தடை செய்யப்பட்ட பொருளாக இருந்தமையால், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதித்து, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டனர். அவ்வாறு மிதித்தவர்களுக்கு அன்று 35 வயது; இன்று 70. இரவில் எழுந்து கால் தடுக்கி விழுந்தால் தூக்கிவிட வீட்டில் ஆளில்லை. பிள்ளைகள் நாம் ஆளுக்கொரு நாட்டில் இருக்கின்றோம். ஆகவே இங்கு பேசப்படுவது வசதி பற்றிய காரியம் மட்டுமன்று.

ஆயினும் தொலைபேசியில் கேட்டு, கடைக்காரர் சொன்ன தொகையை அப்படியே அனுப்பிவிடுவதே எம்மிற் பலருடைய வழக்கம். கலை பயின்ற எமக்கு மின்னியல் தூரத்துச் சொந்தந்தான். என்றாலும் கடைக்காரரின் சிட்டையைச் சரிபார்ப்பதற்கு எட்டாம் வகுப்புக் கணக்கே போதுமானது.

முதலில் கேட்கவேண்டியது 'எந்த இன்வேட்டர்?' என்பதன்று. மின்சாரம் நின்றால் வீட்டில் எவை எவை இயங்கியே ஆகவேண்டும், எத்தனை மணித்தியாலம் இயங்கவேண்டும் என்பதே முதற் கேள்வி. 9 வாற் எல்.ஈ.டி. விளக்கு நான்கு என்றால் 36 வாற். கூரை விசிறி இரண்டு, ஒவ்வொன்றும் 70 வாற் என்று வைத்தால் 140. இணையப் பெட்டிக்கு 10. கைபேசிகளுக்கு மின்னேற்ற ஒரு 14. ஆக மொத்தம் 200 வாற். சாதாரண வீடொன்றின் அத்தியாவசியத் தேவை இவ்வளவே.

இனிப் பற்றரியைப் பார்ப்போம். 12 வோல்ற், 150 அம்பியர் மணி என்று எழுதியிருக்கும். இரண்டையும் பெருக்கினால் 1800 வாற் மணி. 200ஆல் வகுத்து, 9 மணித்தியாலம் ஓடும் என்று கடையிற் சொல்வார்கள். அங்குதான் கணக்குப் பிசகுகின்றது. ஈய அமிலப் பற்றரியை அடிவரை வற்றவிட்டால் அதன் ஆயுள் விரைவிற் குறைந்துவிடும்; பாதி அளவோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. அப்போது எஞ்சுவது 900. பற்றரியின் நேரோட்டத்தை வீட்டுப் பாவனைக்குரிய ஆடலோட்டமாக மாற்றும்போது இன்வேட்டர் தன் கூலியாக ஏறத்தாழ 15 வீதத்தை எடுத்துக்கொள்ளும். கைக்கு வருவது 765 வாற் மணி. அதாவது நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவு. 50 வாற் தொலைக்காட்சியையும் சேர்த்தால் மூன்று மணித்தியாலம்.

'அப்படியானால் இரண்டாவது பற்றரி வாங்குவோமா?' என்று கேட்கத் தோன்றும். அதற்கு முன் விசிறிகளைப் பாருங்கள். தூரிகையற்ற மோட்டர் பொருத்திய புதுவகை விசிறிகள் முழுவேகத்திலும் 35 வாற் அளவே எடுக்கின்றன. இரண்டு விசிறிகளையும் மாற்றினால் 200 வாற் 130 ஆகிவிடும். அதே பற்றரி ஏறத்தாழ 6 மணித்தியாலம் தாங்கும். மாதாந்த மின்கட்டணமும் குறையும். இதைக் கடைக்காரர் தாமாகச் சொல்லமாட்டார்.

இன்வேட்டரின் அளவு வீ.ஏ. என்று குறிக்கப்பட்டிருக்கும். அது வாற் அன்று. 900 வீ.ஏ. என்றால் ஏறத்தாழ 720 வாற் என்று கொள்ளலாம். கிணற்று மோட்டரை இதில் இணைக்கும் ஆசையை விட்டுவிடவேண்டும். அரைக் குதிரைவலு மோட்டர் கிளம்பும் கணத்தில் தன் வழமையான அளவைப்போல் பல மடங்கு மின்னை இழுக்கும். மேல்நிலைத் தொட்டியை மின்சாரம் உள்ளபோது நிரப்பி வைத்தால் போதும். 'சதுர அலை' இன்வேட்டர் விலை குறைந்தது. ஆனால் விசிறி இரையும், மோட்டர் சூடேறும். 'சைன் அலை' வகையையே கேட்டு வாங்கவேண்டும். மருத்துவக் கருவி உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுப்பே கூடாது.

மருத்துவக் கருவி என்றதும் ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். நெஞ்சு வருத்தம் உள்ள முதியோருக்கு ஒட்சிசன் செறிவாக்கி வாங்கிக் கொடுத்த குடும்பங்கள் பல. நிமிடத்துக்கு 5 லீற்றர் தரும் கருவி 300 முதல் 350 வாற் வரை எடுக்கும். மேலே சொன்ன 765 வாற் மணியில் அது தனியாக ஓடினாலும் இரண்டு மணித்தியாலமும் சற்றும்தான். 'இன்வேட்டர் இருக்கின்றது, பயமில்லை' என்று நாம் இங்கே நிம்மதியாக உறங்க, அங்கே நடுநிசியில் கருவி நின்றுபோகலாம். இத்தகைய வீட்டில் இன்வேட்டர் எவ்வளவு பெரிதாயினும், நிரப்பிய ஒட்சிசன் சிலிண்டர் ஒன்று கட்டிலருகே இருந்தேயாகவேண்டும். அதைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவரும் வேண்டும்.

இன்சுலினுக்காகக் குளிர்சாதனப் பெட்டியை இன்வேட்டரில் ஓட்டவேண்டும் என்று நினைப்போரும் உளர். பெரும்பாலும் அது தேவையற்ற செலவு. கதவைத் திறவாது விட்டால் பெட்டி ஏறத்தாழ 4 மணித்தியாலம் குளிர் காக்கும். பாவனையில் உள்ள குப்பியைப் பெரும்பாலான வகைகளில் 4 வாரம் வரை வெளியிலும் வைத்திருக்கலாம். வெப்பம் 25 அல்லது 30 பாகையைத் தாண்டக்கூடாது. எந்த வகைக்கு எது என்பது மருந்துடன் வரும் தாளில் இருக்கும். மின்சாரம் நாட்கணக்கில் வராவிட்டால், ஈரமணல் நடுவே வைத்த மண்சட்டியும் கைகொடுக்கும்.

பற்றரி வகைக்கு வருவோம். எமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் மலிவென்று லொறிப் பற்றரியை வாங்கிப் பூட்டியது. ஆண்டு திரும்புமுன் அது கல்லாகிவிட்டது. வாகனப் பற்றரி ஒரு கணம் பெருமளவு மின்னைக் கொடுத்து இயந்திரத்தைக் கிளப்புவதற்காக மெல்லிய தகடுகளால் ஆனது. மணிக்கணக்கில் ஒழுங்காக மின் கொடுக்கும் வேலைக்குக் குழாய்த் தகடு கொண்ட 'ரியூபுலர்' பற்றரியே ஏற்றது. அதற்கு இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை தண்ணீர் மட்டம் பார்க்கவேண்டும். காய்ச்சி வடித்த பற்றரித் தண்ணீரையன்றி வேறெதையும் விடக்கூடாது. சுண்ணக்கற் பாறையில் ஊறிவரும் யாழ்ப்பாணக் கிணற்று நீர் கேத்திலில் என்ன படலம் விடுகின்றதோ, அந்த உப்பெல்லாம் பற்றரிக்குள்ளும் சேர்ந்துவிடும். தண்ணீர் பார்க்க வீட்டில் ஆள் இல்லையென்றால் ரியூபுலர் வாங்கிப் பயனில்லை.

அத்தகைய வீட்டுக்கு லித்தியம் இரும்பு பொசுபேற்றுப் பற்றரி பொருத்தம். விலை அதிகம், ஆனால் தண்ணீர் வேண்டாம், பாரமும் மிகக் குறைவு. 100 அம்பியர் மணி அளவுடையது ஏறத்தாழ 1280 வாற் மணி வைத்திருக்கும். அதில் 80 வீதத்துக்கு மேல் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். மின்னேறுவதும் விரைவு. 2022 போன்ற நாட்களில் இது பெரிய காரியம். ஏனெனில் 150 அம்பியர் மணி ஈயப் பற்றரி, பாதி வற்றியிருந்தாலே மீண்டும் நிரம்ப 6, 7 மணித்தியாலம் எடுக்கும். நாளின் பாதிக்கு மேல் மின்சாரம் இல்லாத ஊரில் அது ஒருபோதும் முழுமையாக நிரம்பாது. நிரம்பாமலே கிடந்து பழுதாகும். ஒரு நிபந்தனை: இன்வேட்டரில் லித்தியத்துக்கான அமைப்பு இருக்கவேண்டும். பழைய இன்வேட்டரில் பற்றரியை மட்டும் மாற்றிவிட முடியாது.

கூரையில் சூரியத் தகடு உண்டு, எமக்கு இது எதற்கு என்போருக்கு ஒரு சொல். மின்சார சபைக் கம்பியோடு மட்டும் இணைந்த சூரியத் தொகுதி, வெளியே மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பியில் ஏறித் திருத்துபவரை மின் தாக்காதிருக்க அப்படித்தான் அமைத்திருக்கின்றார்கள். நண்பகல் வெயிலில் தகடு முழுவதும் காய, வீட்டில் விசிறி நின்றிருக்கும் காட்சியைப் பலர் கண்டு வியந்திருக்கின்றார்கள். பற்றரியுடன் கூடிய 'ஹைபிரிட்' இன்வேட்டர் பொருத்தினால்தான் மின்வெட்டிலும் சூரியன் உதவும்.

இங்கிருந்து வாங்கிக்கொண்டு போகலாமா? கனடாவில் வீட்டு மின்சாரம் 120 வோல்ற், இலங்கையில் 230. அங்கு வேலை செய்யாத பொருளைச் சுமந்து செல்வதில் அர்த்தமில்லை. ஐரோப்பாவில் வோல்ற் ஒன்றாயினும் பற்றரி தடையாகும்: 160 வாற் மணிக்கு மேற்பட்ட லித்தியம் பற்றரியைப் பயணிகள் விமானத்தில் கொண்டுசெல்ல அனுமதியில்லை. அங்கேயே வாங்குவது நல்லது. பழுதானால் உத்தரவாதச் சிட்டையோடு போய் நிற்க ஒரு கடையும் அங்கு இருக்கும்.

பற்றரியைப் படுக்கையறையில் வைக்க விடாதீர்கள். மின்னேறும்போது ஈயப் பற்றரி ஐதரசன் வாயுவை வெளியிடும். காற்றோட்டமுள்ள விறாந்தை மூலை நல்லது. சாமியறை விளக்கும் குத்துவிளக்கும் அதன் அருகே வேண்டாம். இன்வேட்டரில் ஓடவேண்டிய விளக்கு, விசிறிகளுக்குத் தனி வயரிங் இழுத்து, ட்ரிப் சுவிச்சும் நில இணைப்பும் ஒழுங்காக உள்ளனவா என்று தகுதியுள்ள மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பிக்கவேண்டும்.

பணத்தை முழுவதும் ஒரேயடியாகக் கொடுக்கச் சொல்லாதீர்கள். பூட்டி, பற்றரி முழுதாக மின்னேறிய மறுநாள், மின்னியலாளரை அழைத்து மெயின் சுவிச்சை நிறுத்தச் சொல்லுங்கள். சொன்ன விளக்குகளும் விசிறிகளும் இரண்டு மணித்தியாலம் தடையின்றி ஓடுவதை வீட்டிலுள்ளவர் மணிக்கூடு பார்த்து உறுதிசெய்யட்டும். கைபேசிப் படத்தில் அதை நீங்களும் இங்கிருந்தே பார்க்கலாம். மிச்சக் காசு அதன் பின்னர் கைமாறட்டும்.