கொட்டகைக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் மோட்டார்தான் மருந்தா?

நமது சங்கத்தில் ஹார்டுவேர், பைப், மோட்டார் வியாபாரம் செய்யும் உறுப்பினர்களுக்கு மாசி, பங்குனி பிறந்தால் ஒரு வாடிக்கைக் கேள்வி வரும். "ஏனுங்க, மாட்டுக் கொட்டாயில தண்ணி நூலாட்டம் வருதுங்க. ஒரு அரை எச்.பி. மோட்டார் குடுங்க" என்று விவசாயி வந்து நிற்பார். கேட்டதை எடுத்துக் கொடுத்துப் பில் போடுவது சுலபம். ஆனால் பல சமயங்களில் அவருக்குத் தேவை மோட்டார் அல்ல. பெரிய பைப், அல்லது கொட்டகை ஓரத்தில் ஒரு சிறு தொட்டி. இதைக் கடைக்காரர் எப்படிக் கண்டுகொள்வது என்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விஷயம் சிறியதல்ல. பாலில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர்தான். நன்றாகக் கறக்கும் கலப்பினப் பசு, வெயில் நாளில் 60 முதல் 80 லிட்டர் வரை குடிக்கும். தாகமெடுத்த மாடு நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் உறிஞ்சிவிடும். குழாயில் நிமிடத்துக்கு 6 லிட்டர் வந்தால் ஒரு மாட்டுக்கே ஈடுகொடுக்காது. தண்ணீர் குறைந்தால் பால் குறையும். பால் குறைந்தால் நம் கடைக்கு வரவேண்டிய பாக்கியும் தள்ளிப்போகும்.

உயரம் வேறு, ஓட்டம் வேறு

தண்ணீர் மட்டம் 33 அடி உயரத்தில் இருந்தால் கீழே ஒரு கிலோ அழுத்தம் கிடைக்கும். வீட்டு மேல்தொட்டியின் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 15 அடி, கொட்டகைக் குழாய் 3 அடி என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் 12 அடி. அதாவது ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுமேல். குழாயை மூடி வைத்திருக்கும்போது இந்த அழுத்தம் முழுவதும் குழாய் வாயில் நிற்கும். திறந்தவுடன் பைப்பின் உள்சுவரோடு உராய்ந்து வருவதிலேயே அது செலவாகிவிடும். பைப் எவ்வளவு குறுகலோ, எவ்வளவு நீளமோ, அவ்வளவு செலவு.

அதே 12 அடி உயரத்தில், 330 அடி தூரத்தில் கொட்டகை இருந்தால் கணக்கு ஏறக்குறைய இப்படி வரும். உள்வாய் அரை இஞ்ச் உள்ள பைப்பில் நிமிடத்துக்கு 6 லிட்டர். முக்கால் இஞ்சில் 13 லிட்டர். ஒரு இஞ்சில் 26 லிட்டர். தொட்டியும் அதே, உயரமும் அதே. பைப் மட்டுமே மாறியது. 15 லிட்டர் வாளி நிறைய இரண்டரை நிமிடம் ஆனது, 35 விநாடியில் நிறைந்துவிடுகிறது.

இந்தப் பழைய அரை இஞ்ச் பைப்பிலேயே தொட்டியடியில் மோட்டார் வைத்துத் தள்ளி 26 லிட்டர் கொண்டுவர வேண்டுமானால், அந்த மோட்டார் ஏறக்குறைய 150 அடி உயரத்துக்கு ஏற்றும் அழுத்தத்தைத் தரவேண்டும். சாதாரண அரை எச்.பி. மோட்டாருக்கு அந்தச் சக்தி இல்லை. பெரிய மோட்டார் வைத்தால் பழைய ஜாயிண்டுகள் பிய்த்துக்கொள்ளும். கொட்டகைப் பக்கம் மோட்டாரை வைத்து இழுத்தாலோ, எந்த மோட்டாரும் 25 அடிக்கு மேல் உறிஞ்சுவது கடினம். 6 லிட்டர் 11 லிட்டர் ஆகலாம், அதற்கு மேல் ஆகாது. தண்ணீர் போதாமல் காற்றை இழுத்துச் சீல் கருகி, மோட்டார் நம் கடைக்கே திரும்பி வரும்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. ஆரம்பத்திலிருந்தே குறைவா, நன்றாக வந்து பிறகு குறைந்ததா? ஆரம்பத்திலிருந்தே என்றால் பைப் அளவு அல்லது உயரம் போதவில்லை. இடையில் குறைந்தது என்றால் அடைப்பு அல்லது கசிவு. பழைய ஜி.ஐ. பைப்பில் துருவும் உப்பும் படிந்து உள்வாய் பென்சில் கனத்துக்குச் சுருங்கியிருக்கும். கேட் வால்வின் உள்தகடு கழன்று விழுந்திருந்தால், மேலே கைப்பிடி சுற்றும், உள்ளே வழி திறக்காது.

2. தொட்டியடியில் ஓட்டம் எப்படி? தொட்டிக்குப் பக்கத்து யூனியனைக் கழற்றி வாளி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கேயே நிதானமாக வந்தால் தொட்டியில் சேறு, அல்லது வால்வில் கோளாறு. அங்கே பாய்ந்து வந்து கடைசியில் நூலாக வந்தால் பழுது இடையில் இருக்கிறது. இந்தச் சோதனைக்கு ஒரு வாளியும் கைக்கடிகாரமும் போதும்.

3. எல்லாக் குழாயையும் மூடினால் தொட்டி மட்டம் இறங்குகிறதா? இறங்கினால் மண்ணுக்குள் கசிவு. முதலில் அதை அடைக்க வேண்டும்.

4. விட்டு விட்டு, புஸ் புஸ்ஸென்று வருகிறதா? மேட்டில் ஏறி இறங்கும் லைனில் காற்று தங்கியிருக்கிறது. மேட்டின் உச்சியில் ஒரு டீ போட்டுச் சிறு குழாய் வைத்து, காற்றைத் திறந்துவிட்டால் சரியாகும்.

எல்போ அதிகமானதால்தான் தண்ணீர் வரவில்லை என்று பலரும் சொல்வார்கள். ஒரு அரை இஞ்ச் எல்போ தடுப்பது ஒன்றரை அடி பைப் தடுப்பதற்குத்தான் சமம். 330 அடி லைனில் நாலைந்து எல்போக்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

25 என்றால் ஒரு இஞ்ச் அல்ல

கடையில் அடிக்கடி நடக்கும் குழப்பம் இது. விவசாய பி.வி.சி. பைப்புக்கு ஐ.எஸ். 4985 தரம், கறுப்பு எச்.டி.பி.இ. பைப்புக்கு ஐ.எஸ். 4984 தரம். இரண்டிலும் மில்லிமீட்டர் கணக்கு வெளிவாய் அளவு. ஆகவே 25 மி.மீ. என்பது முக்கால் இஞ்சுக்கு ஈடு. ஒரு இஞ்சுக்கு ஈடானது 32 மி.மீ. ஆனால் வீட்டுக்குப் போடும் சி.பி.வி.சி. பைப்பில் 25 மி.மீ. என்றால் ஒரு இஞ்ச் என்றே வழக்கம். வாடிக்கையாளர் "இருபத்தஞ்சு குடுங்க" என்று கேட்டால், எந்தப் பைப், இஞ்சில் என்ன அளவு என்று திருப்பிக் கேட்பது நம் கடமை. இங்கே தவறினால் அவருக்குக் கிடைக்கும் தண்ணீர் பாதியாகிவிடும்.

செலவைக் குறைக்கப் பாதி தூரம் மட்டும் பைப் மாற்றுவோரும் உண்டு. ஒரு அடி அரை இஞ்ச் பைப் தடுப்பது ஏறக்குறைய 14 அடி ஒரு இஞ்ச் பைப் தடுப்பதற்குச் சமம். பாதி லைனை மாற்றினால் 6 லிட்டர் 9 லிட்டர் ஆகும், அவ்வளவுதான். மாற்றினால் முழுதும் மாற்ற வேண்டும். தொட்டியிலிருந்து இறங்கும் லைனுக்கு 6 கிலோ பைப் தாராளம்; 10 கிலோ பைப்பைத் தலையில் கட்ட வேண்டியதில்லை. பி.வி.சி. பைப்பை ஒன்றரை அடி ஆழத்திலாவது புதைக்கச் சொல்லுங்கள். வெயிலில் கிடந்தால் நொறுங்கும்; தண்ணீரும் கொதித்து மாடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

பைப் மாற்ற வசதி இல்லாதவருக்கு

இவருக்குத்தான் தொட்டி யோசனை. கொட்டகை ஓரத்தில் மூன்றடி மேடை கட்டி ஒரு பிளாஸ்டிக் தொட்டி, அதில் பால் காக் என்று நாம் சொல்லும் மிதவை வால்வு. பழைய அரை இஞ்ச் பைப்பே அதை நிரப்பட்டும். மணிக்கு 300 லிட்டர் வந்தாலும் இரவு விடிவதற்குள் 1000 லிட்டர் தொட்டி ததும்பி நிற்கும். அங்கிருந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஒன்றேகால் இஞ்சில் சின்னத் துண்டு பைப் போட்டால், மாடு குடிக்கக் குடிக்க நிரம்பும். பத்து மாட்டுக்குக் குடிநீர் இதிலேயே தேறும். மிதவை வால்வு வாங்கும்போது உள்துளை பெரியதாகப் பார்த்துக் கொடுங்கள். அதிக அழுத்தத்துக்கான சிறு துளை வால்வைக் கொடுத்தால் தொட்டி நிரம்ப நேரமாகும். கொட்டகைத் தொட்டியின் வாய் வீட்டுத் தொட்டியின் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

மோட்டார் தேவைப்படும் இடம்

கொட்டகை மேட்டிலும் தொட்டி பள்ளத்திலும் இருந்தால் மோட்டார் தவிர வழியில்லை. மாட்டைக் கழுவவும் தரையை அடித்து விடவும் வேகம் வேண்டுமென்றாலும் தேவை. அப்போதும் கொட்டகை ஓரத் தொட்டியிலிருந்துதான் மோட்டார் எடுக்க வேண்டும். ஊராட்சிக் குடிநீர் இணைப்பில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சுவது சட்டத்துக்கு மாறானது. பிடித்தால் மோட்டாரைப் பறிமுதல் செய்து இணைப்பையும் துண்டிப்பார்கள். அதைவிடப் பெரிய கேடு, கசிவு உள்ள இடத்தில் சாக்கடை நீரையும் சேர்த்து இழுத்துவிடும். ஊரே அதைக் குடிக்க நேரும். அப்படி மாட்டுவதற்கு என்று தெரிந்தால் சரக்குக் கொடுக்காமல் இருப்பதே வியாபார தர்மம்.

மேலே சொன்ன நான்கு கேள்விகளையும் ஓர் அட்டையில் எழுதிக் கல்லாப் பக்கம் தொங்கவிட்டால் கடைப் பையன்களும் கேட்கப் பழகிக்கொள்வார்கள். வாளிக் கணக்குப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் அன்றைய விற்பனை ஒருநாள் தள்ளிப் போகலாம். மறுநாள் அவர் பைப்போ, தொட்டியோ, வெறும் வால்வோ வாங்குவார். எதை வாங்கினாலும் அவர் கொட்டகையில் தண்ணீர் வரும். தண்ணீர் வந்த விவசாயி அடுத்த தோட்டத்துக்காரரையும் நம் கடைக்கே அழைத்து வருவார்.