கோட்டும் டையும் கனவு. முதல் பாடம் வெங்காயம்!

"பையன் என்ன படிக்கிறான்?"

"கேட்டரிங் சேர்த்திருக்கேன்."

"சமையலா? அதுக்குமாங்க காலேஜ்?"

பிளஸ்-2 ரிசல்ட் வந்ததும் சென்னையில் பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. கேட்பவர் பக்கத்து வீட்டுக்காரர். பதில் சொல்லத் தெரியாமல் விழிப்பவர் தகப்பனார். பையனுக்கோ ஒரே கனவு. கோட்டு, டை, ஏ.சி. ஓட்டல், வெளிநாட்டுக் கப்பல்!

சேர்ந்த சில நாளிலேயே கனவு கலைகிறது. கையில் கொடுப்பது கத்தி. முன்னால் கொட்டுவது வெங்காயம்!

தரமணியில் காலேஜ்

ஓட்டல் தொழிலைக் கற்றுத்தர இந்தியாவில் முதல் காலேஜ் 1954-ல் பம்பாயில் தொடங்கியது. அதற்கு முன்நின்றவர் லீலாவதி முன்ஷி என்ற பெண்மணி. சென்னைக்கு 1963-ல் வந்தது. மத்திய அரசின் அந்தக் காலேஜ்தான் இப்போது தரமணியில் இருக்கிறது. மாநில அரசின் காலேஜ் திருச்சி துவாக்குடியில் இருக்கிறது.

1974-ல் நுங்கம்பாக்கத்தில் தாஜ் கோரமண்டல் வந்தது. 1975-ல் சோழா ஷெரட்டன் வந்தது. பெரிய ஓட்டல்கள் பெருகப் பெருக, படித்த ஆட்களுக்குத் தேவையும் பெருகியது.

பட்டப்படிப்பு 3 வருடம். மொத்தம் 6 செமஸ்டர். பிளஸ்-2-வில் எந்த குரூப் எடுத்தவரும் சேரலாம். ஆனால் ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும். மத்திய அரசின் கல்லூரிகளுக்கு அகில இந்திய நுழைவுத் தேர்வு உண்டு. கணக்கு, பொது அறிவு ஆகியவற்றோடு ஆங்கிலத்துக்குத் தனிப் பகுதியே இருக்கிறது. தமிழ் மீடியத்தில் படித்த பிள்ளைகள் திணறுவது இங்கேதான்.

நாலு வேலை தெரியணும்

"சமையல் படிப்பு" என்று ஊரார் சொல்வது கால் பங்குதான் உண்மை. மாணவர்கள் நாலு வேலைகளைப் படிக்க வேண்டும். சமையல், பரிமாறுவது, வரவேற்பு, அறைகளைப் பராமரிப்பது.

சமையல் வகுப்பில் முதலில் நறுக்கக் கற்றுத் தருகிறார்கள். தீக்குச்சி மாதிரி நீளமாக ஒரு விதம், பொடிப் பொடியாக ஒரு விதம். எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சின்னது கருகும், பெரியது வேகாது.

வெட்டும் பலகையிலும் கலர் உண்டு. பச்சை இறைச்சிக்குச் சிவப்பு. மீனுக்கு நீலம். காய்கறிக்குப் பச்சை. கோழி வெட்டிய பலகையில் வெள்ளரிக்காயை நறுக்கினால், அன்றைக்கு வாத்தியாரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்!

பரிமாறும் வகுப்பில் இடது, வலது பார்க்க வேண்டும். பெரிய தட்டில் இருந்து எடுத்து வைப்பது இடது பக்கமிருந்து. கிளாசில் ஊற்றுவது வலது பக்கமிருந்து. சாப்பிட்ட தட்டை எடுப்பதும் வலது பக்கமிருந்துதான்.

அறைப் பராமரிப்பு என்றால் கட்டில் விரிப்பை மடிப்பு இல்லாமல் இழுத்துச் செருகுவது, குளியலறை தேய்ப்பது எல்லாம் உண்டு. வீட்டில் சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்காத பிள்ளை, இங்கே அடுத்தவர் கழிவறையைக் கழுவுகிறான். கழுவத் தெரியாதவன் நாளைக்கு மானேஜர் ஆகி மற்றவரை வேலை வாங்க முடியாது என்பது இந்தத் தொழிலின் கணக்கு.

உயிர் சம்பந்தப்பட்ட பாடம்

படிப்பில் முக்கியமான பாடம் ஒன்று உண்டு. சூடான பண்டம் 60 டிகிரிக்கு மேலே இருக்க வேண்டும். குளிர வைக்கும் பண்டம் 5 டிகிரிக்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி மளமளவென்று பெருகும். கண்ணுக்குத் தெரியாது. வாசனையிலும் பல நேரம் தெரியாது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயது சிறுமி இறந்து போனாள். அதே கடையில் சாப்பிட்ட பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். "சமையலுக்கு எதுக்குப் படிப்பு?" என்று கேட்பவர்கள் இதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

உருளைக்கிழங்கு கணக்கு

சமைக்கத் தெரிந்தவர் எல்லாம் ஓட்டல் நடத்திவிட முடியாது. கைப்பக்குவம் இருந்தும் கடையை மூடியவர்கள் ஏராளம். காரணம் கணக்கு!

கிலோ 40 ரூபாய்க்கு 10 கிலோ உருளைக்கிழங்கு வாங்கினால் 400 ரூபாய். தோல், அழுகல், முளை என்று 2 கிலோ போனால் கையில் நிற்பது 8 கிலோ. அப்படியானால் கிலோ 40 ரூபாய் இல்லை, 50 ரூபாய்! நாற்பதை வைத்து விலை போட்டவருக்குக் கிலோவுக்கு 10 ரூபாய் கைநஷ்டம். எண்ணெய், கேஸ், சம்பளம், வாடகை எல்லாம் அதற்கு மேலே.

ஒரு தட்டுக்கு எத்தனை கிராம், முதலில் வந்த சரக்கு முதலில் போகிறதா, மீந்தது எவ்வளவு என்று தினமும் எழுதி வைக்கப் பழக்குகிறார்கள். படித்து முடித்தவர்கள் ஓட்டலுக்குத்தான் போக வேண்டும் என்பதும் இல்லை. ஆஸ்பத்திரி, கம்பெனி கேண்டீன், விமானத்துக்குச் சாப்பாடு அனுப்பும் நிறுவனம் என்று பல இடங்களில் வேலை உண்டு. சொந்தமாக மெஸ் வைப்பவர்களும் இருக்கிறார்கள்.

நிற்கும் வேலை

இரண்டாம் வருடத்தில் பெரிய ஓட்டலுக்குப் பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். பலர் படிப்பை விட நினைப்பது அப்போதுதான்.

நாள் முழுக்க நின்றபடி வேலை. உட்கார்ந்தால் சூப்பர்வைசர் முறைப்பார். உதவித்தொகை சொற்பம். ஊரெல்லாம் தீபாவளி கொண்டாடும்போது இவர்களுக்கு டபுள் வேலை. கடைசி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்கு வந்தால், கால் வீங்கியிருப்பதைப் பார்த்து அம்மா அழுகிறாள். "இதுக்கா கடன் வாங்கிக் கட்டினோம்?" என்று அப்பா கேட்கிறார்.

இந்தத் தொழிலில் மேலே வந்தவர்கள் எல்லாரும் இந்தப் படியைத் தாண்டியவர்கள்தான். 1938-ல் ராயப்பேட்டையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய கிருஷ்ணாராவ், உடுப்பிப் பக்கத்துக் கிராமத்தில் இருந்து வந்தவர். சமையல் கட்டில் எடுபிடியாக வேலை பார்த்தவர். அவர் காலேஜ் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் காலேஜில் இன்று சொல்லித்தரும் அத்தனையையும் கை நோக, கால் நோகக் கற்றுக்கொண்டார்.

போர்டைப் பார்த்து ஏமாறாதீர்!

"6 மாதக் கோர்ஸ்! கப்பலில் வேலை! 100 சதவீதம் உறுதி!" இப்படி போர்டு வைப்பவர்கள் உண்டு. பெற்றோர் உஷாராக இருக்க வேண்டியது இங்கேதான். நகையை அடகு வைத்துப் பணம் கட்டிவிட்டு, பிறகு அழுது பயனில்லை.

பணம் கட்டுமுன் நாலு கேள்வி கேட்க வேண்டும். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம்? அங்கீகாரக் கடிதம் எங்கே? பயிற்சிச் சமையல் கூடத்தைக் கண்ணால் பார்க்கலாமா? போன வருடம் படித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள்? நாலுக்கும் நேரான பதில் வராத இடத்தில் ஒரு ரூபாய்கூடக் கட்டக் கூடாது.

கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்டு, கப்பல் போக்குவரத்துத் துறை தலைமை இயக்குநரகத்தின் லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்கு மாலுமியிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது விதி. லட்சக்கணக்கில் கேட்டால், கப்பல் வரப்போவதில்லை என்று அர்த்தம்!

வசதி இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. தரமணிக் காலேஜில் படிக்க ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களின் கட்டணத்தைச் சமீப ஆண்டுகளில் தாட்கோ ஏற்றிருக்கிறது. இந்த வருட விவரத்தை மாவட்ட தாட்கோ அலுவலகத்தில் நேரில் விசாரிக்கலாம்.

பிள்ளைக்கு இந்தப் படிப்பு ஒத்துவருமா என்று சந்தேகமா? செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. தெரிந்த சமையல் காண்டிராக்டரிடம் சொல்லி, ஒரு முகூர்த்த நாளில் பையனைக் கல்யாண மண்டபத்துச் சமையல் கட்டில் விடலாம். விடியற்காலை 4 மணிக்கு இட்லி ஊற்றுவதில் தொடங்கி, ராத்திரி கடைசிப் பந்தி முடிந்து அண்டா கழுவும்வரை அவன் நிற்கட்டும்.

மறுநாள் காலையில் எழுந்து, "இன்னைக்கும் போறேம்பா" என்று சொன்னால், தாராளமாகச் சேர்க்கலாம்!