உடம்பு நோகும்போது விசுவாசம் எங்கே இருக்கும்?

டீயைக் குடித்துக்கொண்டே கேளுங்கள் தம்பி. உங்கள் கேள்விக்கு அவசரமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சிறையில் வதைபட்டும் விசுவாசத்தை விடாதவர்களைப் பற்றிப் பிரசங்கத்தில் கேட்கும்போது, அவர்களுக்கு வலியே தெரியவில்லையோ என்று தோன்றுகிறது என்றீர்கள். தெரிந்தது. நம் எல்லோரையும் போலவே தெரிந்தது. அதோனிராம் ஜட்சனை எடுத்துக்கொள்வோம்.

அமெரிக்கர். 1813-இல் சென்னையில் கப்பலேறி ரங்கூன் போய்ச் சேர்ந்த மிஷனரி. பத்து வருடம் பர்மிய மொழியில் ஊறி, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து முடித்தார். 1824-இல் ஆங்கிலேயருக்கும் பர்மிய அரசுக்கும் போர் மூண்டது. அமெரிக்காவிலிருந்து இவருக்கு வரும் பணம் ஆங்கில வணிகர் ஒருவர் மூலமாகக் கைக்கு வந்தது. அது போதுமே, ஒற்றர் என்று சந்தேகப்பட. ஜூன் 8 அன்று தலைநகர் ஆவாவில் அவரைத் தரையில் தள்ளிக் கட்டி இழுத்துப் போனார்கள்.

சன்னல் இல்லாத சிறை. காலில் மூன்று சோடி விலங்கு. இரவானால் கைதிகளின் விலங்கிட்ட கால்களுக்கு நடுவே ஒரு மூங்கிலைச் செருகி, அதைக் கயிறு கட்டி மேலே இழுத்துவிடுவார்கள். தோளும் தலையும் மட்டும் தரையில் இருக்கும், கால்கள் அந்தரத்தில். பின்னாளில் விலங்கு ஐந்து சோடியானது. ஜட்சன் சுத்தத்தில் மிகவும் கண்டிப்பானவர். விலங்கைவிட அந்த அழுக்கும் நாற்றமுமே அவரை அதிகம் வதைத்திருக்கும் என்று எனக்குப் படுகிறது.

அங்கே கைதிக்குச் சோறு போடுவது சிறையின் வேலை இல்லை. அவர் மனைவி ஆன், வயிற்றில் பிள்ளையோடு அதிகாரிகளின் வீடுவீடாக மனுவோடு அலைந்தார். காவலருக்குக் கையூட்டு கொடுத்துச் சாப்பாடு சேர்த்தார். மொழிபெயர்ப்பின் கையெழுத்துப் பிரதியை முதலில் வீட்டுக்கடியில் புதைத்தார். மழைக்காலம் வந்தது, தாள் மக்கிவிடும் என்று பயந்து தோண்டியெடுத்து, ஒரு தலையணைக்குள் வைத்துத் தைத்தார். எந்தக் காவலனும் ஆசைப்படாத அளவுக்குக் கரடுமுரடான தலையணை. ஜட்சன் அதில்தான் தலைவைத்துப் படுத்தார்.

1825 மே மாதம் கைதிகளை அமரபுராவுக்கு வெறுங்காலில் நடத்தினார்கள். கொதிக்கும் மணலிலும் சரளையிலும் பாதம் கொப்பளித்து, தோல் உரிந்துபோனது. வழியில் ஓர் ஆறு. அதில் விழுந்து எல்லாவற்றையும் முடித்துக்கொள்ள வேண்டும் என்று அவர் மனம் தவித்தது. அது பாவம் என்ற எண்ணம் ஒன்றுதான் தடுத்தது. இதை ஆன் தன் கடிதத்தில் மறைக்காமல் எழுதியிருக்கிறார். இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த நேரத்தில் அவருக்குள் துதி இல்லை, தைரியம் இல்லை. 'கூடாது' என்ற ஒரு சொல் மட்டும் மிஞ்சியிருந்தது. அதுவும் விசுவாசம்தான் என்று நான் நம்புகிறேன். நோகிற உடம்பு அதற்குமேல் இடம் கொடுக்காது.

மேலே நடக்க வைத்தது யார் தெரியுமா? உடன் கைதியான ஹென்றி கௌகர் என்ற வணிகரின் வங்காளி வேலைக்காரர் ஓடிவந்தார். தன் தலைப்பாகையை இரண்டாகக் கிழித்து, ஒரு பாதியை முதலாளிக்கும் மறு பாதியை ஜட்சனுக்கும் காலில் சுற்றக் கொடுத்தார். பிறகு ஜட்சனைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு மீதித் தூரத்தைக் கடக்க வைத்தார். தனி மனிதனின் வீரமாகவே இந்தக் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். எனக்கோ, அவரால் தாங்க முடியாமல் போனபோதெல்லாம் வேறொருவர் வந்து தாங்கியதுதான் கண்ணில் படுகிறது.

பிறகு கைதிகளை அடைத்த புதிய சிறை இருந்த கிராமத்தில், அங்கே வந்து சேர்ந்த ஆன் நோயில் விழுந்தார். கைக்குழந்தை மரியாவுக்குப் பால் இல்லை. ஜட்சன் காவலரிடம் அனுமதி வாங்கி, காலில் விலங்கோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பால் கொடுக்கும் தாய்மாரைத் தேடி வாசல்வாசலாகப் போனார். அந்தப் பர்மியத் தாய்மார் இரங்கினார்கள். அப்பனாக இருப்பது ஒன்றுதான் அன்று அவரால் செய்ய முடிந்த ஊழியம்.

தலையணை என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். கைதிகளை ஆவாவிலிருந்து கொண்டுபோன அன்று, காவலன் அதன் மேலே சுற்றியிருந்த பாயை உருவிக்கொண்டு மீதியை எறிந்துவிட்டான். மவுங் இங் என்ற பர்மிய விசுவாசி, ஐயாவின் ஞாபகமாக இருக்கட்டும் என்று அதை எடுத்து வைத்தார். உள்ளே இருந்தது பல மாதங்களுக்குப் பிறகே தெரிந்தது.

சுமார் 17 மாதச் சிறைக்குப் பின் ஜட்சன் விடுதலையானார். பிரசங்கங்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் வருத்தம் உண்டு. 1826 அக்டோபரில் ஆன் இறந்தார். ஆறு மாதத்தில் மரியாவும் போனாள். சிறையில் தாக்குப்பிடித்தவர் அதற்குப் பிறகுதான் உடைந்தார். காட்டோரம் ஒரு குடிசை கட்டித் தனியே கிடந்தார். தனக்கான குழியைத் தானே வெட்டி, அதன் அருகே உட்கார்ந்திருந்தார். கடவுளை நம்புகிறேன், ஆனால் காண முடியவில்லை என்ற பொருளில் எழுதினார். இதை விசுவாசத்தின் தோல்வி என்று சொல்ல எனக்கு நா வராது. சிறையில் அழ நேரமில்லாத மனிதர் அங்கே உட்கார்ந்து அழுதார்.

திரும்பி வர அவருக்கு வருடங்கள் பிடித்தன. மெல்ல மெல்லப் பழைய வேலைக்குத் திரும்பி, தலையணைக்குள்ளிருந்து மீண்ட புதிய ஏற்பாட்டைத் திருத்தினார், பழைய ஏற்பாட்டைத் தொடர்ந்தார். 1834 ஜனவரி 31 அன்று பர்மிய வேதாகமம் முழுவதையும் முடித்தார். பர்மியக் கிறிஸ்தவர்கள் இன்றும் அதை வாசிக்கிறார்கள்.