300 வாங்கினால் 450

1998-ல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ ஒரு மலிவு விலை ப்ராசஸர். விற்கப்பட்ட வேகம் 300 மெகாஹெர்ட்ஸ். மதர்போர்டில் ஒரேயொரு அமைப்பை மாற்றியதும் பல சில்லுகள் 450-க்குத் தாவின. அதே 450-க்காகப் பல மடங்கு விலை கொடுத்து பென்டியம் 2 வாங்கியவர்களுக்கு வயிறு எரிந்திருக்கும்.

இதில் மாயம் எதுவும் இல்லை. ப்ராசஸரின் வேகம் ஒரு பெருக்கல் கணக்கு: அடிப்படைத் துடிப்பு, அதைப் பெருக்கும் எண். செலரானில் 66 சொச்சத்தை 4.5 பெருக்கியது. பெருக்கியை இன்டெல் பூட்டிவிட்டதால், ரசிகர்கள் 66-ஐ 100 ஆக்கினார்கள். அதுதான் ஓவர்கிளாக்கிங்.

சில்லு ஏன் தாங்கியது? ஒரே வார்ப்பில் பிறந்த சில்லுகள்கூட ஒரே தரத்தில் அமைவதில்லை. எந்தச் சூழலிலும் தடுமாறாத வேகத்தைத்தான் நிறுவனம் முத்திரை குத்தும். மலிவுச் சரக்குக்குத் தேவை அதிகமானால் நல்ல சில்லும் குறைந்த வேக முத்திரையோடு கடைக்கு வந்துவிடும். முத்திரைக்கும் உண்மைத் திறனுக்கும் உள்ள அந்த இடைவெளிதான் நமக்குக் கிடைக்கும் இலவசம். எவ்வளவு என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

இன்று அடிப்படைத் துடிப்பு பொதுவாக 100 மெகாஹெர்ட்ஸ். பெருக்கி 50 என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். இன்டெலில் பெயரின் இறுதியில் 'கே' உள்ள சில்லும் 'இசட்' வரிசை மதர்போர்டும் வேண்டும். ஏஎம்டி ரைசனில் பெரும்பாலானவை பூட்டில்லாதவை. ஆனால் 'ஏ' வரிசை போர்டுகள் உதவாது.

மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸுக்குள் போய்ப் பெருக்கியை ஒரு படி ஏற்றுங்கள். ப்ரைம்95 போன்ற சோதனை மென்பொருளை அரைமணி நேரமாவது ஓடவிட்டு வெப்பத்தைக் கவனியுங்கள். ஹேங் ஆகாவிட்டால் அடுத்த படி. ஹேங் ஆனால் ஒரு படி இறங்கலாம், அல்லது வோல்டேஜைக் கூட்டலாம். ஆசை காட்டுவது இரண்டாவது வழி; விலை கேட்பதும் அதுவே. வேகத்தைக் கூட்டினால் வெப்பம் அதே விகிதத்தில்தான் கூடும். வோல்டேஜோ வர்க்கத்தில் கூட்டும். இரண்டையும் 10 சதவீதம் ஏற்றினால் மின்செலவு ஏறக்குறைய 33 சதவீதம் எகிறும். கிடைப்பது அதிகபட்சம் 10 சதவீத வேகம். அறைச்சூடு நேராகச் சில்லின் சூட்டில் சேரும் என்பதால், மார்கழியில் நிலையாக நின்ற அமைப்பு சித்திரையில் தள்ளாடலாம்.

கணினி எழவே இல்லையா? பதற வேண்டாம். மின்இணைப்பைத் துண்டித்து, மதர்போர்டின் நாணய பேட்டரியைச் சில நிமிடம் கழற்றிவைத்தால் பழைய அமைப்பு திரும்பும். சூடு எல்லை மீறினாலும் சில்லு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். நான் அஞ்சுவது ஹேங் ஆகாத கோளாறைத்தான்: அரைகுறையாக நிலைத்த கணினி சத்தமில்லாமல் தவறாகக் கணக்கிட்டுக் கோப்புகளைக் கெடுக்கும். வாரண்டியும் போகலாம்.

செலரான் காலத்து இடைவெளியை இன்று டர்போ பூஸ்ட் போன்ற பெயர்களில் நிறுவனங்களே பெரும்பாலும் சுரண்டி எடுத்துவிடுகின்றன. அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது தலைகீழ் வழி: வேகத்தைத் தொடாமல் வோல்டேஜை மட்டும் சிறிது சிறிதாகக் குறைத்து, அதே சோதனையை ஓட்டிப் பாருங்கள். சூடு தணிந்த சில்லு டர்போ வேகத்தில் நீண்ட நேரம் நிற்கும். ஃபேன் இரைச்சலும் அடங்கும்.